ரிசார்ட் அவங்களுக்கு, தண்டனை நமக்கா?

2017 பிப்ரவரி: கூவத்தூர் கடற்கரை ரிசார்ட்டில் அதிமுக எம்.எல்.ஏ.க்கள்!
ஆகஸ்ட்: தினகரன் அணி புதுச்சேரி கடற்கரை ரிசார்ட்டில்! அப்புறம் குடகு!

செப்டம்பர் 18: அந்த அணியில் 18 பேரைத் தகுதி நீக்கினார் சபாநாயகர் தனபால். அதில் நம்ம ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கரும் உண்டு.

அடிச்சிக்கிட்டது அவங்க. பதவியைப் பறிச்சதும் அவங்க சபாநாயகர். ஆனா 2019 மே வரை, 20 மாசம், எம்.எல்.ஏ. இல்லாம கிடந்தது நாம!

தோல் கழிவு கலக்கும் பாலாறு பற்றி, ஷூ கம்பெனி தொழிலாளி கூலி பற்றி அந்த 20 மாசம் சட்டமன்றத்தில் நம்ம தொகுதிக்காகப் பேச ஆளில்லை.

தொழிலாளி ஒரு நாள் வரலேன்னா சம்பளம் கட். 20 மாசம் தொகுதியை அனாதையா விட்டவங்களுக்கு?

ஓட்டுப் போட்டது கோட்டைக்கு அனுப்ப, ரிசார்ட்டுக்கு இல்ல!

மறக்க மாட்டோம். பகிருங்கள் தோழர்களே!

#ரிசார்ட்_அரசியல் #ஆம்பூர்