சொல்லைச் சிதைத்துக் கட்டிய கதை

அமெரிக்க எழுத்தாளர் டான் பிரௌன் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி டாவின்சி கோட்' என்னும் புதினம் 8 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. பாரிசு நகரத்து இலூவர் அருங்காட்சியகத்தில் ஒரு கொலை. இறந்தவர் விட்டுச்சென்ற குறிகளைப் பின்பற்றி ஒரு பேராசிரியரும் ஓர் இளம்பெண்ணும் ஓடுகின்றனர். 105 சிற்றியல்கள், பெரும்பாலானவை முடிச்சோடு முடிகின்றன. நூலில் விரைவு உண்டு. தொடர்வண்டியிற் செல்வார்க்குப் பொழுது போகும்.

பழுது கதைக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. 'உண்மை' என்று தலைப்பிட்ட முற்பக்கமொன்று, சீயோன் மடம் என்னும் மறைகழகம் 1099-இல் தோன்றியதென்றும், நூலில் வரும் கலைப்பொருள், கட்டடம், ஆவணம் பற்றிய செய்திகளெல்லாம் பிழையற்றவை என்றும் உறுதி கூறுகிறது. அக்கழகமோ பியேர் பிளந்தார் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1956-இல் பிரான்சில் பதிவு செய்தது. அதன் பழமைக்குக் காட்டப்பட்ட ஆவணங்கள் 1960-களில் புனைந்து பாரிசு நூலகத்தில் வைக்கப்பட்டவை. 'கதைதானே' என்பார்க்கு ஒரு கேள்வி: கதைக்கு அந்தப் பக்கம் எதற்கு?

இதனினும் கொடியது சொற்களுக்கு இழைத்த தீங்கு. 'சாங்கிரேயல்' என்பதைத் 'திருக்கலம்' எனப் பிரிப்பதை விடுத்து, வெட்டும் இடத்தைச் சிறிது நகர்த்தி, 'சாங் ரேயல்', அஃதாவது 'அரச குருதி', எனப் பிரித்து, அதன்மேல் இயேசுவின் கால்வழி பற்றிய முழுக்கதையையும் ஏற்றுகிறார் ஆசிரியர். 12-ஆம் நூற்றாண்டில் கிரெத்தியான் பாடிய பிரெஞ்சுக் கதையில் 'கிரால்' என்னும் சொல் தனித்தே நிற்கிறது. உணவேந்தும் தட்டம் என்பதே பொருள். 'திரு' என்னும் அடை பின்னர் ஒட்டியது. முன்சொல்லே இல்லாதவிடத்துக் குருதி எங்கிருந்து வந்தது? 'செம்பொன்பதின்றொடி' என்பதை இருவகையாகப் பிரிக்கக் கற்ற தமிழ் மாணவனும், எப்பிரிப்புப் பொருந்தும் என்பதை இசையாலும் இடத்தாலும் துணிய வேண்டும் என்று அறிவான்.

'யெகோவா' என்பது ஆண்பெயரும் ஏவாளின் பழம்பெயரும் புணர்ந்த சொல் என்கிறது இந்நூல். எபிரேயத்தில் இறைவன் பெயரை நான்கு மெய்களால் எழுதி, வாயாற் சொல்லாமல் 'அதோனாய்' என்று படிப்பது யூதர் மரபு. அதை நினைவூட்ட ஏடெழுதுவோர் இட்ட உயிர்க்குறிகளை அம்மெய்களோடு சேர்த்து அயலார் படித்ததால் விளைந்ததே அவ்வடிவம். 'மோனாலிசா' என்பதை எழுத்து மாற்றி எகிப்தியத் தெய்வப் பெயர்களாக்குவதும் இத்தகையதே. 'மோனா' இத்தாலியத்தில் 'அம்மையார்'. இலிசா அப்பெண்ணின் பெயர். அவ்வளவே!

தமிழர்க்கு இதில் என்ன என்று புறக்கணிப்பதற்கில்லை. எச்சொல்லையும் எங்கேனும் வெட்டி எப்பொருளும் காட்டலாம் என்பதே வேர்ச்சொல்லாராய்ச்சியைப் பழிப்போர் கூறும் ஏளனம். பாவாணர் ஒரு சொல்லுக்கு வேர் காட்டுங்கால் இனச்சொற்களையும் பொருள் திரிந்த வழியையும் நிரல்பட வைத்தார். அவ்வுழைப்பையும் இவ்வெழுத்து விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்க இத்தகைய நூல்கள் வழி திறக்கின்றன. அயன்மொழிச் சொல்லொன்றில் ஒலியொப்புமை கண்ட அளவிலேயே அதைத் தமிழென்று கொண்டாடும் அன்பர் சிலரும் அவ்வழியை அகலமாக்குகின்றனர். சொல்லாமல் விடுவது முறையன்று.

2006-இல் இக்கதை திரைப்படமாக வந்தபோது தமிழ்நாட்டரசு அதனைத் தடைசெய்தது. தடை நூலின் பிழைகளில் ஒன்றையும் தொடவில்லை, தலைப்பில் உள்ளதைக்கூட. வின்சி என்பது இத்தாலிய ஊர். 'டா' என்பது தமிழின் ஐந்தாம் வேற்றுமையை ஒத்த நீங்கற்சொல். உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரை 'உறையூரிலிருந்து' என்று மட்டும் அழைத்தால் எவ்வாறிருக்கும்? கலை வரலாற்றறிஞர் அவ்வோவியரை இலியனார்தோ என்றே வழங்குவர்; குறியீட்டியல் கற்பிக்கும் பேராசிரியராகப் புனையப்பட்ட கதைத்தலைவனோ 'டாவின்சி' என்கிறான்.