கஷாயம் இல்லை சார், டீ!

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. என்னிடம் மூட்டுவலிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் மகன், சீனாவில் ஹாங்ஜோ நகரத்தில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன் ஒரு சின்ன தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். "சார், இது அந்த ஊர் டீ. லோங்ஜிங்னு பேரு. உங்களுக்காகவே வாங்கிட்டு வந்தேன்."

இலை தட்டையாக, பச்சையாக, லேசாக வறுத்த பயறு வாசனையோடு இருந்தது. நான் சித்த மருத்துவன். இலை என்று கையில் கிடைத்தால் வேறென்ன செய்வேன்? ஒரு கைப்பிடி அள்ளிப்போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கொதிக்கவிட்டு, சுண்டவைத்து வடித்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் அஷ்டகோணலாகிவிட்டது. நிலவேம்புக்குத் தம்பி! 'உடம்புக்கு நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு மூன்று நாள் விழுங்கினேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் சொல்லிக்கொள்ள வந்த பையனிடம் இதைச் சொன்னேன். பதறிப்போய்விட்டான். "ஐயோ, கொதிக்க வெச்சீங்களா? கஷாயம் இல்லை சார், டீ!"

அன்றைக்கு அவன் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறேன். நம் வீடுகளில் இப்போது 'கிரீன் டீ' புகுந்துவிட்டது. ஆனால் அதைக் கஷாயம் மாதிரி காய்ச்சுகிறோம், மருந்து மாதிரி விழுங்குகிறோம். இரண்டுமே தப்பு. முதல் தப்பால் ருசி போகிறது. இரண்டாவது தப்பால் சில பேருக்கு உடம்பே போகிறது.

ஒரே செடி, ஆறு வகை

கிரீன் டீ வேறு செடி, நம் டீத்தூள் வேறு செடி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எல்லாமே 'கமேலியா சைனென்சிஸ்' என்ற ஒரே இனம்தான். பறித்த இலையை என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். சீனர்கள் ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள்.

பறித்த கொஞ்ச நேரத்திலேயே சூடு காட்டி, இலை கறுக்காமல் நிறுத்தினால் பச்சைத் தேநீர். ஜெஜியாங் மாகாணத்து லோங்ஜிங் இந்த வகை. அதை இரும்புச் சட்டியில் கையாலேயே அழுத்தி வறுப்பார்கள். மொட்டையும் இளந்தளிரையும் வாடவைத்து உலர்த்தினால் வெள்ளைத் தேநீர். ஃபூஜியன் மாகாணத்து ஃபூடிங் இதற்குப் பேர்போன ஊர். பச்சைக்குச் சொன்ன மாதிரி சூடுகாட்டி, ஈரச்சூட்டோடு மூடிவைத்துப் பக்குவம் செய்தால் மஞ்சள் வகை. இது அபூர்வம். இலையைக் குலுக்கி, ஓரம் மட்டும் சிவக்கவிட்டு நிறுத்தினால் ஊலாங். முழுக்கச் சிவக்கவிட்டால் நாம் 'பிளாக் டீ' என்று சொல்வது. சீனர்கள் அதைச் 'சிவப்புத் தேநீர்' என்பார்கள். ஆறாவது, நுண்ணுயிர்களைக் கொண்டு ஊறவைத்துப் பழகவிடும் கருந்தேநீர். யுன்னான் மாகாணத்துப் பூஅர் நமக்குத் தெரிந்த உதாரணம். நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கிறதே, அதற்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட சொந்தம்!

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் இலையைப் பாருங்கள். முழு இலையா, தூளா? பையில் அடைத்த மலிவுச் சரக்கு பெரும்பாலும் உடைந்த துகள்தான். வெந்நீர் பட்டதும் கசப்பையெல்லாம் ஒரேயடியாகக் கக்கிவிடும். முழு இலை நிதானமாக இறங்கும். குடித்து முடித்தபின் ஊறிய இலையை விரித்துப் பாருங்கள். தளிரும் நரம்பும் தெரிந்தால் கொடுத்த காசுக்குப் பொருள் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, தேதி. பச்சைத் தேநீர் கீரை மாதிரி, புதுசாக இருக்கணும். சீனாவில் ஏப்ரல் முதல் வாரம் வரும் சிங்மிங் நாளுக்கு முன்னால் பறித்த தளிருக்குத்தான் விலை அதிகம். ஒரு வருஷத்துக்குமேல் கிடந்தால் வாசனை போய்விடும். பூஅர் நேர்மாறு. பழைய புளி மாதிரி, நாளாக ஆகத்தான் மதிப்பு. எதுவானாலும் வெளிச்சமும் காற்றும் படாத டப்பாவில் வையுங்கள். மசாலா டப்பா பக்கத்தில் மட்டும் வேண்டாம். தேயிலை மாதிரி வாசனையை இழுக்கும் பொருள் வேறில்லை.

அந்தக் குணத்தை வைத்தே சீனர்கள் ஓர் அற்புதம் செய்திருக்கிறார்கள். மல்லிகைத் தேநீர்! சாயங்காலம் மொட்டாக இருக்கும் மல்லிகையைத் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். ராத்திரி மொட்டு அவிழ அவிழ வாசனை முழுக்க இலைக்குள் போய்விடுகிறது. காலையில் வாடின பூவைச் சலித்து எடுத்துவிட்டு, மறுபடி புதுப் பூ. நல்ல ரகத்துக்கு இதைப் பல தடவை செய்வார்கள். நம் மதுரை மல்லியும் அதே தாவர இனம்தான். முதல் முதலாக ருசி பார்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஐம்பது கிராம் வாங்கினால் போதும். தடவைக்கு மூன்று கிராம் என்று வைத்தாலும் பதினாறு நாள் வரும். ஒரே இலையில் இரண்டு மூன்று தடவை வெந்நீர் ஊற்றலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கொதிநீர்தான் குற்றவாளி

எங்கள் மருத்துவத்தில் வேர், பட்டை என்றால் காய்ச்சி, எட்டுக்கு ஒன்றாக வற்றவைப்போம். மென்மையான பூவையும் தளிரையும் வெந்நீரில் ஊறவிட்டு வடித்தாலே போதும். சீனத்துத் தளிர் இந்த இரண்டாவது ஜாதி. இது தெரிந்திருந்தும் நான் கொதிக்கவைத்தேனே என்பதுதான் வெட்கம்!

காரணம் சுலபம். கசப்பும் துவர்ப்பும் தருகிற கேட்டகின், காஃபீன் இரண்டும் நீர் சூடாக இருக்க இருக்க வேகமாக இறங்கும். இனிப்பும் இதமும் தருகிற அமினோ அமிலங்களுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. அதனால் பச்சைத் தேநீருக்கு 75 முதல் 85 டிகிரி. வெள்ளைக்குக் கொஞ்சம் கூட, 85 - 90. ஊலாங்குக்கு 90-க்கு மேல். சிவப்புக்கும் பூஅருக்கும் கொதிநீரே ஊற்றலாம்.

'தெர்மாமீட்டருக்கு எங்கே போவது டாக்டர்?' என்று கேட்பீர்கள். வேண்டாம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நாலைந்து நிமிஷம் பொறுங்கள். பச்சைத் தேநீருக்குப் பதம் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். எட்டாம் நூற்றாண்டில் தேநீர் பற்றி 'சா ஜிங்' என்ற நூலை எழுதிய லூ யூ, கண்ணாலேயே சூட்டைப் பார்த்தார். மீன்கண் மாதிரி குமிழி வருவது முதல் நிலை. பாத்திர ஓரத்தில் முத்துச்சரம் மாதிரி ஏறுவது இரண்டாவது. அலையடிப்பது மூன்றாவது. நம் பாட்டிமார் பாகுக்குக் கம்பிப்பதம் பார்த்த அதே கண்!

அளவு, 150 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் இலை. சுமாராக ஒரு தேக்கரண்டி, இலை பெரிதாக இருந்தால் இரண்டு. இரண்டு நிமிஷம் போதும். தண்ணீரும் முக்கியம். லூ யூ மலையூற்றுக்கு முதலிடம், ஆற்றுக்கு இரண்டாமிடம், கிணற்றுக்குக் கடைசி இடம் கொடுத்தார். நம் போர்வெல் தண்ணீரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! உப்பு ஏறின தண்ணீரில் எவ்வளவு விலைமதிப்புள்ள இலையும் மங்கித்தான் போகும். குடிக்க வைத்திருக்கிற நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

பாத்திரம் அறிந்து...

1391-ல் மிங் பேரரசர் ஹோங்வு, அரண்மனைக்கு அச்சுத் தேயிலைக்கட்டி அனுப்பும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, உதிரி இலையே போதும் என்று உத்தரவு போட்டார். இலையை அப்படியே ஊறவைக்கும் பழக்கம் அதன்பிறகு ஓங்கியது. ஊறவைக்கக் குடுவை வேண்டுமே? ஜியாங்சு மாகாணத்து யீஷிங் நகரத்தின் செம்பழுப்பு மண்குடுவைகள் அப்படித்தான் புகழ் பெற்றன.

யீஷிங் குடுவைக்கு உள்ளே பளபளப்புப் பூச்சு கிடையாது. தேநீரின் வாசனையை மண் குடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு குடுவைக்கு ஒரே வகைத் தேநீர்தான். சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. மீன்குழம்புச் சட்டியில் நாம் பால் காய்ச்சுவோமா? அதே நியாயம். ஊலாங்குக்கும் பூஅருக்கும் இது அருமை. ஆனால் சாயம் கலந்த போலிகள் நிறைய. மண்ணைப் பார்த்து மதிப்புப் போடத் தெரியாதவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பது என் கட்சி.

அவர்களுக்கு நல்லது 'கைவான்'. சின்னக் கிண்ணம், கீழே தட்டு, மேலே மூடி. மூடி வானம், தட்டு பூமி, நடுவில் கிண்ணம் மனிதன் என்று சீனர்கள் விளக்கம் சொல்வார்கள். 100 முதல் 150 மில்லி பிடிக்கிற பீங்கான் கைவான் ஒன்று இருந்தால் ஆறு வகையையும் போடலாம். பீங்கானில் வாசனை தங்காது. மூடியை லேசாகச் சாய்த்து வடித்தால் வடிகட்டியும் வேண்டாம்.

அதுவும் இல்லையா? கண்ணாடி டம்ளர் போதும். ஹாங்ஜோக்காரர்களே லோங்ஜிங்கைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது மறுபடி வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர்கூட மூடிபோட்ட பாட்டிலில் இலையைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். தென்பக்கம் சாவோஜோ, ஃபூஜியன் ஊர்களில் மட்டும் சின்னஞ்சிறு குடுவையில் இலையை நிறையப் போட்டு, சில விநாடிகளிலேயே வடித்து, இரண்டு மூன்று மிடறு கொள்கிற கிண்ணத்தில் பல சுற்று பகிர்ந்துகொள்வார்கள். 'கோங்ஃபூ' முறை என்று பெயர். யார் வந்தாலும் முதலில் ஒரு சுற்று டீ. இதையெல்லாம் சேர்த்துத்தான் சீனத் தேநீர்க் கலையை 2022-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கவனியுங்கள், பண்பாட்டுப் பட்டியலில். மருந்துப் பட்டியலில் அல்ல!

மருந்தென்று நினைத்தால்...

ஒரு பள்ளிக்கூட டீச்சர் என்னிடம் வந்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், ஏறவே இல்லை. "மாத்திரையை எதில் போடுறீங்கம்மா?" என்று கேட்டேன். "கிரீன் டீயிலதான் டாக்டர். சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேளையும் கிரீன் டீ. எடை குறையணும்ல? கசப்பா இருந்தாலும் மருந்துதானேன்னு குடிச்சிடுவேன்!"

தேநீரின் துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். அவருக்கு மாதவிடாய்ப் போக்கும் அதிகமாக இருந்தது. அதற்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். டீயைச் சாப்பாட்டை விட்டுத் தள்ளி வைக்கச் சொன்னேன். சில மாதத்தில் நிறம் திரும்பியது. டீ ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

சரி, எடையாவது குறையுமா? இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, 2012-ல் சொன்னது இதுதான்: குறைவது மிகமிகச் சொற்பம், உடல்நலத்துக்குக் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை.

'ஸ்லிம்மிங் டீ' என்று சீன எழுத்தோடு விற்கிறார்களே, அந்தப் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் 'சென்னா' என்று இருக்கும். அது வேறொன்றுமில்லை, நம் நிலவாகை! 'திருநெல்வேலி சென்னா' என்றே உலகச் சந்தையில் பெயர் வாங்கிய பேதி மூலிகை. நாங்கள் நாள் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற மருந்தை, மாதக்கணக்கில் டீயாகக் குடித்தால் என்ன ஆகும்? வயிற்றுவலி, உடம்பின் உப்புச்சத்துக் குறைவு. குறைவது கொழுப்பல்ல, தண்ணீர்.

கேப்சூல் இன்னும் மோசம். பச்சைத் தேயிலையின் சாரத்தை அடைத்த மாத்திரைகளில், இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. ஊறவைத்துக் குடிக்கிற இலைக்கு இந்தப் பயம் பொதுவாக இல்லை.

ஆகவே என் யோசனை இதுதான்:

* சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
* இரும்புச்சத்து, தைராய்டு மாத்திரைகளை வெறும் தண்ணீரில் மட்டும் போடுங்கள்.
* வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்கள் காலையில் முதல் வேலையாகக் குடிக்க வேண்டாம்.
* தூக்கம் வராதவர்கள் சாயங்காலத்துக்குமேல் தொடாதீர்கள். கிரீன் டீயிலும் காஃபீன் உண்டு.
* கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டு அளவோடு குடிக்கலாம். நாள் முழுவதும் சேர்த்து காஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது.
* ஆவி பறக்கப் பறக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேலான சூட்டில் பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொல்லியிருக்கிறது.

'அப்படியானால் எதற்குத்தான் சார் இதைக் குடிப்பது?' என்று கேட்கிறீர்களா? ருசிக்கு! பாலும் சர்க்கரையும் சேராத ஒரு பானம், நாளுக்கு இரண்டு கிண்ணம், நிதானமாக உட்கார்ந்து குடிக்கிற பத்து நிமிஷம். சர்க்கரை போட்ட டீ நாலு வேளை குடிக்கிறவர், அதில் இரண்டை இப்படி மாற்றினாலே அது லாபம்தான்.

அந்தப் பையன் இப்போது டாக்டராகிவிட்டான். போன தடவை வந்தபோது நானே அவனுக்கு லோங்ஜிங் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி டம்ளரில், ஆறவைத்த வெந்நீரில். இலைகள் மேலே மிதந்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தான். "இப்ப இது டீ சார்!"