சேவண் புல்லும் ‘தரிசு’ என்னும் சொல்லும்

ஜெய்சல்மேரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவே. அந்த மண்ணில் அலுவலக வளாகங்களும் விடுதிகளும் கத்தரித்த பச்சைப் புல்தரையை நாள்தோறும் நீரூற்றிக் காத்து வருகின்றன. பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையில் தொடங்கி 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரும் இந்திரா காந்தி கால்வாய், குடிநீருக்கும் வேளாண்மைக்கும் என வெட்டப்பட்டது. அத்தகைய நிலத்தில் அலங்காரத்துக்காக நீரைச் செலவிடுவதற்கு ‘நில அழகமைப்பு’ என்று பெயர்.

அதே மணலில் நீரூற்றுவார் எவருமின்றி வளர்வது சேவண். தாவரவியலார் இதனை லேசியூரஸ் சிண்டிக்கஸ் என்பர். இடுப்பளவு உயரும் பல்லாண்டுப் புல். தூறு தூறாக வளர்ந்து, ஆழ வேரூன்றி, காற்றில் நகரும் மணலைப் பிடித்து நிறுத்துவது. கோடையில் வைக்கோல் நிறம் கொண்டு உறங்கும். முதல் மழையில் மீண்டும் துளிர்க்கும். தார்பார்க்கர் பசுக்களுக்குத் தீவனம், கானமயிலுக்கு வாழிடம். இருந்தும் பூங்கா ஒப்பந்தப் பட்டியல்களில் இதற்கு இடம் கிடைப்பது அரிது.

காரணத்தைச் சொல்லில் தேட வேண்டும். காலனிய வருவாய்த்துறை, வரி தராத நிலத்தைத் ‘தரிசு’ எனப் பதிந்தது. விடுதலைக்குப் பின்னும் அச்சொல் அகலவில்லை. நடுவண் அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு பாலை மணலையும் சீரழிந்த மேய்ச்சல் நிலத்தையும் அவ்வகையிலேயே அடக்குகிறது. மேய்ப்பர்களோ சேவண், தாமண், கரட், புரட் என ஒவ்வொரு புல்லையும் பெயர் சொல்லி அறிவர். பல பெயர்கள் வழங்கும் நிலத்துக்குக் கோப்பில் ஒரே பெயர். அதுவும் இன்மையைக் குறிக்கும் பெயர். ஒன்றுமில்லை என்று எழுதப்பட்ட இடத்தில் எதை வேண்டுமானாலும் நடலாம் என்ற துணிவு அங்கிருந்தே பிறக்கிறது. ‘பசுமையாக்கம்’ என்ற பெயரில் சீமைக் கருவேலம் பரப்பப்பட்ட வரலாறு ராஜஸ்தானுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொது.

மாற்று வழி கனவன்று. ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையடியில் உள்ள ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவில் 2006 முதல் சீமைக் கருவேலத்தை அகற்றி, பாறை நிலத்துக்குரிய செடிகளையே வளர்த்தனர். பாறைக்கு அதற்குரியவை எனில், மணலுக்குச் சேவண்.

மறுப்புகள் உண்டு. சேவண் மீது அமரவோ விளையாடவோ இயலாது; அதன் விதை முளைப்பது எளிதன்று; வேர்பிடிக்கும்வரை மேய்ச்சலிலிருந்து காக்க வேண்டும். மூன்றும் உண்மை. ஆயினும் வளாகத்தின் பெரும்பகுதி எவரும் அமராத இடமே: சாலையோரம், சரிவு, மதிலடி, மணல்மேடு. அங்கெல்லாம் மிதியாத புல்தரைக்கு நீரூற்றுவதற்கு என்ன நியாயம்? விளையாடுமிடத்துக்கு மட்டும் சிறு புல்தரை போதும்.

எஞ்சுவது நிற மறுப்பு: கோடையில் சேவண் பழுப்பாகிறதாம். பாலையின் கோடை நிறமே அதுதான். ஜோத்பூரில் வறள்நில ஆய்வுக்கென 1959இலிருந்து நடுவண் நிறுவனமே இயங்கிவரும் நாட்டில், அறிவுக் குறைவைக் காரணம் காட்ட முடியாது. பாலை மாவட்டங்களின் பல்கலைக்கழகங்களேனும் தம் நாற்றங்காலில் சேவண் தூறுகளைப் பெருக்கி, ஒப்பந்தப் பட்டியலில் அதன் பெயரை எழுதட்டும். சுற்றுச்சூழல் கருத்தரங்கின் வாயிலில் தெளிப்பான் சுழல்வதை அதன் பின்னராவது நிறுத்தலாம்.