ஆட்டக்காரர் விடுதலையும் அணியின் குளிர்காலமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பேஸ்பால் ஆட்டம் வேனிற் காலத்துக்கு உரியது. இளவேனிலில் தொடங்கி, அணி ஒன்றுக்கு 162 ஆட்டமாக நடந்து, இலையுதிர் காலத்து ‘உலகத் தொடர்’ என்னும் இறுதிப் போட்டியோடு அஃது ஓய்கின்றது. பின்னர் மைதானங்கள் பூட்டிக் கிடக்கும். ஆயினும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு ஓய்வதில்லை. எவரைக் கொடுத்து எவரை மாற்றாகப் பெறலாம், உடன்படிக்கை முடிந்து நிற்பவருள் எவரை எவ்வளவு சம்பளத்துக்கு அமர்த்தலாம் என்று மக்கள் கணப்படுப்பைச் சூழ்ந்திருந்து வாதிடுவர். இதுபற்றியே அந்நாட்டார் இக்காலத்துக்குக் ‘கணப்படுப்புப் போட்டி’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டுள்ளனர்.

இக்குளிர்காலந்தோறும் தவறாது எழும் முறையீடு ஒன்றுண்டு. சிறிய ஊரின் அணி ஓர் இளைஞனைப் பயிற்றி ஆளாக்குகின்றது. அவன் பேர் பெற்றவுடன் நியூயார்க்குப் போன்ற பெருநகரத்து அணி மிகுபொருள் காட்டி அவனைக் கொண்டுபோகின்றது. ஊரார், ‘நன்றி மறந்தான், பணத்துக்கு விலைபோனான்’ என்று அவனைத் தூற்றுகின்றனர். ஆட்டக்காரருக்கு விடுதலை அளித்ததே இக்கேட்டுக்கெல்லாம் மூலமென்றும், பழைய கட்டுப்பாடு இருந்தவரை எளிய அணிகள் நலமுற வாழ்ந்தன என்றும் அறிவுடையோர் சிலரும் கூறுகின்றனர். இக்கூற்றை யாம் ஒப்புகின்றிலேம். ஊகத்தால் மறுப்பதினும் வரலாற்றால் மறுத்தல் நன்றாதலின், ‘அத்லெடிக்ஸ்’ என்னும் ஒரே கழகத்தின் மூன்று குளிர்காலங்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம். இக்கழகம் 1901 முதல் 1954 வரை பிலடெல்பியாவிலும், 1955 முதல் 1967 வரை கான்சஸ் ஸிட்டியிலும், 1968 முதல் 2024 வரை கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓக்லந்து நகரிலும் ஆடிவந்தது.

முதற்கண், பழைய கட்டுப்பாடு யாதென அறிதல் வேண்டும். 1879ஆம் ஆண்டிற் கழக உடைமையாளர் தமக்குள் ஒரு தடுப்பு ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். முதலில் அணிக்கு ஐவரளவில் நின்ற அவ்வேற்பாடு பின்னர் எல்லா ஆட்டக்காரரையும் பற்றியது. அதன்படி, ஒருவருடைய உடன்படிக்கைக் காலம் முடிந்தாலும் அவர் பிறிதோர் அணியை நாடுதல் இயலாது. கழகமே அவ்வுடன்படிக்கையை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும். கழகம் அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், நீக்கலாம். அவருக்கோ, கொடுத்த சம்பளத்தைக் கொள்வதும் ஆட்டத்தைத் துறப்பதுமாகிய இரண்டே வழிகள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்விதி நின்று நிலவியது.

அக்காலத்தில் எளிய அணி நலமுற வாழ்ந்ததோ? 1914ஆம் ஆண்டில் அத்லெடிக்ஸ் அணி 99 வெற்றிகளோடு தன் லீகில் முதலிடம் பெற்றது. எனினும் உலகத் தொடரில் தோற்றது. புதிதாகத் தோன்றிய போட்டி லீகொன்று சம்பளங்களை உயர்த்தியது. கழகத்தின் மானேஜரும் பங்காளியுமாகிய கான்னி மாக் என்பார், உயர்ந்த சம்பளம் கொடுப்பதினும் அணியைக் கலைப்பதே மேலென முடிவு செய்தார். அக்குளிர்காலத்தில் எட்டி காலின்ஸ் என்னும் தலைசிறந்த ஆட்டக்காரர் சிகாகோ அணிக்கு விற்கப்பட்டார்; பிளாங்க், பெண்டர் ஆகிய பந்தெறிவோர் போட்டி லீகிற்குச் சென்றனர். அடுத்த ஆண்டில் அணி 43 ஆட்டங்களை வென்று 109 ஆட்டங்களை இழந்தது. அதுமுதல் ஏழாண்டு கடைசி இடத்திலேயே கிடந்தது. 1929, 1930 ஆண்டுகளில் மீண்டும் உலகத் தொடரை வென்ற அதே மாக், நாடெங்கும் வறுமை சூழ்ந்தபோது ஸிம்மன்ஸையும், காக்ரேனையும், குரோவையும், பாக்ஸையும் 1932 முதல் 1935 வரை ஒருவர்பின் ஒருவராக விற்றார். விடுதலை என்னும் சொல்லே ஆட்டக்காரர் செவியில் விழாத காலத்தன்றோ இவையெல்லாம் நிகழ்ந்தன? அன்றும் சிறந்தோர் பொருளுள்ள அணிக்கே சென்றனர். விலைப்பணம் உடைமையாளர் பையிற் சேர்ந்தது. சென்றவரைக் கேட்டவர் எவருமிலர். வேறுபாடு இவ்வளவே.

இவ்வநீதியை எதிர்த்து நின்றவர் ஓக்லந்தில் வளர்ந்த ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. கர்ட் பிளட் என்னும் கறுப்பினத்து ஆட்டக்காரர் செயின்ட் லூயி அணியிற் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். அவ்வணி 1964இலும் 1967இலும் உலகத் தொடரை வெல்லத் துணைநின்றவர். 1969 அக்டோபரில் அவரை ஒரு சொல்லும் கேளாது பிலடெல்பியாவின் மற்றோர் அணியாகிய பிலீஸுக்கு மாற்றிக் கொடுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் அவர் ஆட்டத்தின் தலைமை அதிகாரியாகிய போயி கூனுக்குக் கடிதம் எழுதி, தம் விருப்பத்தைக் கருதாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமைப் பொருள் அல்லர் என்று அறிவித்தார். பின்னர் வழக்குத் தொடுத்தார். 1972இல் ஐக்கிய நாடுகளின் சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு மூவராக அவ்வழக்கைத் தள்ளியது. 1970ஆம் ஆண்டு முழுவதும் ஆடாதிருந்த அவர், 1971இல் வாஷிங்டன் அணியிற் பதின்மூன்று ஆட்டங்களே ஆடி விலகினார். தாம் நட்ட மரத்தின் கனியை அவர் உண்டிலர். ஆயினும் மரம் பட்டுப்போகவில்லை. 1975 டிசம்பர் 23ஆம் நாள் பீட்டர் ஸைட்ஸ் என்னும் மத்தியஸ்தர், மெஸ்ஸர்ஸ்மித், மக்நாலி ஆகிய இருவர் வழக்கில், கழகம் ஓராண்டுக்குமேல் ஒருவரைத் தடுத்துவைத்தற்கு உரிமையில்லை என்று தீர்த்தார். அடுத்த ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆறாண்டுத் தொண்டு முடித்தவர் தாம் விரும்பும் அணியை நாடலாம் என்றாயிற்று.

இனி இரண்டாம் நிகழ்ச்சி. 1972, 1973, 1974 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து உலகத் தொடரை வென்ற ஓக்லந்து அணியின் உடைமையாளர் சார்லி பின்லி என்பார். அவர் ஆட்டக்காரர் திறனை அறிவதில் வல்லவர். அவர்தம் மனத்தை அறிவதில் வல்லரல்லர். ‘காட்பிஷ்’ ஹண்டர் என்னும் பந்தெறிவோருக்கு உடன்படிக்கைப்படி செலுத்தவேண்டிய தொகையைச் செலுத்தாமையால், 1974 இறுதியில் மத்தியஸ்தர் தீர்ப்பின்படி அவரை இழந்தார். புதிய விடுதலை தோன்றிய 1976ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ரூடி, பிங்கர்ஸ் ஆகிய இருவரையும் தலைக்கு 10 இலட்சம் டாலருக்குப் பாஸ்டனுக்கும், வைடா புளூவை 15 இலட்சம் டாலருக்கு நியூயார்க்கு யாங்கீஸுக்கும் விற்க முயன்றார். அதிகாரி கூன் அவ்விற்பனையைச் செல்லாதென்றார். பருவம் முடிந்ததும் ரூடி, பிங்கர்ஸ், பாண்டோ, காம்பனரிஸ், டெனஸ் ஆகியோர் விடுதலை பெற்று வெளியேறினர். 1977இல் ஓக்லந்து தன் பிரிவில், அவ்வாண்டே பிறந்த ஸியாட்டில் அணிக்கும் கீழே கடைசியாய் நின்றது. இதனைக் காட்டி, விடுதலை அணியை அழித்தது என்பர். கொடுக்கவேண்டியதைக் கொடாத கைதான் அழித்தது என்பது எம் கருத்து.

மூன்றாம் குளிர்காலமே யாம் சொல்ல விழைந்த பொருளுக்கு உயிராயது. 2001ஆம் ஆண்டில் ஓக்லந்து 102 ஆட்டங்களை வென்றும், இறுதிச் சுற்றுக்களின் தொடக்கத்திலேயே யாங்கீஸிடம் தோற்றது. அக்குளிர்காலத்தில் மூவர் விடைபெற்றனர். 2000ஆம் ஆண்டில் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசு பெற்ற ஜேசன் ஜியாம்பி, ஏழாண்டுக்கு 12 கோடி டாலருக்கு யாங்கீஸிற் சேர்ந்தார். ஜானி டேமன் நான்காண்டுக்கு 3 கோடியே 10 இலட்சத்துக்குப் பாஸ்டன் சென்றார். இறுதிநேரப் பந்தெறிவோராகிய இஸ்ரிங்ஹௌஸன் செயின்ட் லூயி சென்றார். அடுத்த பருவத்தில் ஓக்லந்தின் ஆண்டுச் சம்பளச் செலவு முழுவதும் ஏறத்தாழ 4 கோடி. யாங்கீஸுக்கோ 12 கோடிக்கு மேல். சட்டியில் இல்லாதது அகப்பையில் வருமோ?

கழகத்தின் பொது மானேஜராகிய பில்லி பீன் சென்றவர்களைத் தூற்றவில்லை. ஜியாம்பியைப் போன்ற மற்றொருவரைத் தேடி அலையவுமில்லை. இழந்தது யாது என்பதை எண்ணிப் பார்த்தார். மட்டையேந்துபவரின் முதற் கடமை ஆட்டமிழவாமை. பந்தை அடித்தேனும், எறிவோர் தவறாக எறியும் நான்கு பந்துகளைப் பொறுமையோடு விட்டுவிட்டேனும், முதல் தளம் சேர்தல் வேண்டும். 2001இல் ஜியாம்பி நூற்றுக்கு ஏறத்தாழ 48 முறை அவ்வாறு தளமேறினார். பேர் பெற்ற டேமனோ 32 முறையே. ஆயினும் சந்தையில் ஓட்டத்துக்கும் தோற்றப் பொலிவுக்கும் விலை மிகுதி. பொறுமைக்கு விலை குறைவு. இவ்விலைக் குறைவே ஏழை அணிக்கு வாயிலாயிற்று.

ஸ்காட் ஹாட்டபர்க் என்பவர் பாஸ்டன் அணியில் மட்டையாளருக்குப் பின்னிருந்து பந்து பிடித்தவர். முழங்கை நரம்பு பழுதுற்றமையாற் பந்தை வலித்தெறியும் ஆற்றல் இழந்தவர். மாற்றாகப் பெற்ற கொலராடோ அணியும் அவருக்கு உடன்படிக்கை கொடாது விட்டது. பொறுமையாய்த் தளமேறும் அவருடைய இயல்பு ஒன்றையே கருதி, ஓக்லந்து அவரை உடனே அமர்த்தி, முன் ஒருநாளும் நில்லாத முதல் தளக் காவலைக் கற்பித்தது. அகவை 35 ஆகிய டேவிட் ஜஸ்டிஸ் மாற்றாகப் பெறப்பட்டார். வெளியேறியோர்க்கு ஈடாகக் கிடைத்த உரிமையால், 2002 ஜூன் மாதத்து இளைஞர் தெரிவின் முதற்சுற்றிலும் அதன் இணைச்சுற்றிலுமாக ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிட்டியது. 2002இல் அணி 103 ஆட்டங்களை வென்றது. மூவரும் இருந்த ஆண்டினும் ஒன்று மிகுதி! ஆகஸ்டு 13 முதல் செப்டம்பர் 4 வரை இருபது ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, அமெரிக்கன் லீகில் அதுவரை எவரும் எய்தாத சிறப்பை எய்தியது. இருபதாம் ஆட்டத்தில் 11க்குச் சூனியமாக முன்னேறியிருந்த ஓக்லந்து, கான்சஸ் ஸிட்டியார் 11க்கு 11 ஆக்க, நிலைகலங்கி நின்றது. அப்போது மாற்று மட்டையாளராய் வந்து, மதிலுக்கு அப்பால் பந்தை அடித்து வெற்றி தந்தவர் கொலராடோ வேண்டாமென்று விட்ட ஹாட்டபர்க்கே.

நேர்மையுடன் ஒன்று கூறவேண்டும். அவ்வெற்றி முழுவதும் அக்குளிர்காலத் திட்டத்தால் விளைந்ததன்று. ஹட்ஸன், மல்டர், ஸீட்டோ என்னும் பந்தெறிவோர் மூவரும், அவ்வாண்டு லீகின் முதற்பரிசு பெற்ற டெஹாடாவும் முன்பே அணியில் இருந்தவர்கள்; ஆறாண்டு நிரம்பாமையாற் குறைந்த சம்பளத்துக்கு ஆடியவர்கள். அணியோ மினஸோட்டாவிடம் முதற் சுற்றிலேயே தோற்றது. பீன் காலத்தில் உலகத் தொடர் அதற்கு வாய்க்கவேயில்லை. கழகங்களிடையே செல்வ ஏற்றத்தாழ்வு மெய்யானது. ஆயினும் அதற்கு மருந்து, 1990களில் தொடங்கியதுபோல, கழகங்கள் தம் வருவாயைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளுதலேயன்றி, உழைப்பவன் காலிற் பழைய தளையைப் பூட்டுதல் அன்று. செல்வர் வீட்டுக்கும் எளியவர் வீட்டுக்கும் இடையேயுள்ள வழக்கை வேலைக்காரன் கூலியிற் பிடித்தம் செய்து தீர்த்தல் எந்த நியாயத்தின்பாற் படும்?

ஆதலின், குளிர்காலத் திட்டம் வகுப்போர் கொள்ளத்தக்க நெறி தெளிவாகின்றது. போகவேண்டியவனை மதிப்போடு விடுதல். புகழுக்கு விலை கொடாது பயனுக்கு விலை கொடுத்தல். பிறர் கழித்தவருள் குணம் காணுதல். மாற்றவேண்டியவரை உரிய காலத்தில் மாற்றுதல். 2004 டிசம்பரில் ஓக்லந்து மல்டரைச் செயின்ட் லூயிக்கு அனுப்பி டான் ஹேரனை உள்ளிட்ட மூவரைப் பெற்றது. ஊரார் வருந்தினர். ஈராண்டுக்குள் மல்டரின் தோள் பழுதுற்றது. ஹேரனோ 2007இல் லீகுகளின் சிறந்தோர் ஆட்டத்தில் முதலாகப் பந்தெறியும் பெருமை பெற்றார்.

இறுதியாக, நன்றி என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஜியாம்பி யாங்கீஸ் உடையில் ஓக்லந்துக்கு வந்தபோதெல்லாம் ஊரார் அவரை இகழ்ந்து கூவினர். அவர் சென்றது ஏழாண்டு அவ்வணிக்கு ஆடியபின், சட்டப்படி பெற்ற உரிமையால். 2023 நவம்பரிலோ, கழக உடைமையாளரனைவரும் ஒருமனப்பட்டு, அக்கழகத்தையே லாஸ் வேகாஸ் நகருக்குப் பெயர்க்க இசைவு அளித்தனர். 2024 செப்டம்பர் 26ஆம் நாள் ஓக்லந்தில் கடைசி ஆட்டம் நடந்தது. ஐம்பத்தேழு பருவங்கள் வெயிலிலும் பனியிலும் வந்து அமர்ந்த ஊரார், அணியை 3க்கு 2 என்னும் வெற்றியோடு வழியனுப்பிவிட்டுக் கண்ணீருடன் வீடு திரும்பினர். ஆட்டக்காரர் ஒருவர் சென்றால் ஊர்க்கு ஓர் இடம் வெறுமையாகும். அடுத்த வேனிலில் ஒரு ஹாட்டபர்க் வந்து அதனை நிரப்புவார். உடைமையாளர் சென்றால் மைதானமே வெறுமையாகும். நன்றி மறந்தார் என்னும் பழி எவர்மேற் சாரவேண்டும் என்பதை நம்மனோர் சிந்திப்பாராக.

கல்லூரி தான் வளர்த்த மாணவரைத் தன் மதிலுக்குள்ளேயே நிறுத்திவைக்க விழைவதில்லை. அவர் சென்ற இடத்திற் சிறந்து விளங்குதலையே விழைகின்றது. அத்தகைய வளர்ப்பில் வந்த நாம், காலம் முடித்துக் கணக்குத் தீர்த்து விடைபெறுபவனைப் பழித்தல் ஆகாது. கட்டிவைத்துப் பெறும் பற்று பற்றன்று. போகும் உரிமையுடையவன் தன் மனமுவந்து தங்குவானாயின், அதுவே அணிக்கும் ஊருக்கும் உண்மையான பெருமை என்பது எம் துணிபு.