கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன அம்மன்

‘அவதார்’ பார்த்துவிட்டு, “இப்படிக் காட்டு மக்கள் நிஜமாவே இருக்காங்களா சித்தி?” என்றான் அக்கா மகன். “நீல நிறம், வால் எல்லாம் கிடையாது. ஆனா, நம்ம வள்ளூர் பக்கமே இருக்காங்க” என்றேன். நம்பவில்லை.

இருளர்கள் சொல்லும் கதை இது. அவர்களின் தெய்வம் கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறாள். சமாதானம் செய்து அழைத்துவர, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். இரவெல்லாம் மணலில் தங்கல். விடிந்ததும் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். கல்யாணங்களும் அங்கேயே, மண்டப வாடகை மிச்சம்!

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, தோலுக்காகப் பாம்பு பிடிக்கும் பிழைப்பு போனது. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் வந்தது. விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விடுகிறார்கள். எண்ணூர்ப் பக்கத்து இருளர்களுக்குக் கழிமுகம்தான் காடு. இடுப்பளவுத் தண்ணீரில், ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இப்போது கையில் தட்டுப்படுவது அனல்மின் நிலையச் சாம்பல்.

“அம்மன் எதுக்குக் கோச்சுக்கிட்டாங்க?” என்கிறான். வரும் மாசி மகத்துக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே பாட்டிகளிடமே கேட்டுக்கொள்ளட்டும்.