நெய்யரியின் கசடு

நன்னூலார் கடைமாணாக்கனுக்குக் கூறிய உவமைகளுள் நெய்யரியும் ஒன்று. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. மாணாக்கனுக்கு அது குறையேயாயினும் வடிகட்டிக்கு அதுவே தொழில். பற்றிய கசட்டை என் செய்வது? இவ்வினாவைத் திருவொற்றியூர்வாசிகளாகிய நாம் வினவாது வேறு யார் வினவுவார்?

சென்னை நகரத்து நீரை 1914ஆம் ஆண்டு முதல் கீழ்ப்பாக்கத்து மணற்படுகைகள் தெளிவித்தன. மணலின்மேற் படரும் நுண்ணுயிர்ப் படலமே அங்கு மெய்யான வடிகட்டி. அது தடித்தவிடத்து மேல்மணலைச் சுரண்டி எடுப்பர். கரைந்த உப்பையோ மணல் தடுக்கமாட்டாது. ஆதலின் 2010இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரை மிக்க அழுத்தத்தோடு சவ்வுகளினூடே செலுத்தி, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் பெறத்தக்க ஆலை எழுந்தது. நன்னீர் வீடுகளுக்கு வர, எஞ்சிய மிகையுவர்நீர் கடலுக்கே மீள்கிறது.

நமக்கு வடக்கே எண்ணூரின் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. வடசென்னை அனல்மின் நிலையத்துப் புகையிலுள்ள சாம்பலை மின்விசையாற் பிடிக்கும் கருவிகள் உள. காற்றுக்கு அது நன்மையே, மறுப்பாரில்லை. பிடித்த சாம்பலோ நீரிற் குழைந்து குழாய்வழிச் செல்ல, குழாய் ஒழுகிய இடமெல்லாம் கொசஸ்தலையாற்றுக் கழியிற் படிந்தது. இறால் தேடும் மீனவர் அச்சேற்றிலே இறங்க நேர்ந்தது. அவர் தரப்பினர் தொடுத்த வழக்கில் 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேட்டைச் சீர்செய்யுமாறு பணித்தது.

இரசாயனக் கூடத்தில் நம் மாணவர் வடிதாளில் தங்கியதை உலர்த்தி, நிறுத்து, ஏட்டிற் குறிக்கின்றனர். ஆலைகளுக்கும் அவ்விதி வேண்டும். உரிமம் வழங்குமுன்னரே, நாளொன்றுக்குப் பிடிபடும் கசடு எத்துணை, அது எவர் ஊரிற் கொட்டப்படும் என்பவற்றை அவ்வூராருக்குத் தமிழில் அறிவித்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.