வாந்தி வராத குமட்டல்: காலைவரை காத்திருக்கலாமா?

நாய் வாந்தி எடுத்தால் வீட்டில் எல்லாரும் பதறுகிறோம். குமட்டிக் குமட்டியும் ஒன்றுமே வெளிவராவிட்டால், “அஜீரணமாக இருக்கும், காலையில் பார்க்கலாம்” என்கிறோம். பெரிய நாய்களைப் பொறுத்தவரை உண்மையில் பதற வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

காரணம், இரைப்பை முறுக்கம். இரைப்பையில் காற்று நிறைந்து பலூன்போல உப்புகிறது. பிறகு அது திருகிக்கொள்கிறது. மேலே உணவுக்குழாயும் கீழே குடலுக்குச் செல்லும் வழியும் அடைபடுகின்றன. காற்று ஏப்பமாகவும் வெளியேறாது. உப்பிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய ரத்தக்குழாயை நசுக்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்து, சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் நாய் இறந்துவிடும்.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழமான மார்புக்கூடு கொண்ட நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வயிறு உப்பி இறுகுவது, எச்சில் வழிவது, ஓரிடத்தில் படுக்க முடியாமல் அலைவது, ஈறு வெளிறுவது ஆகியவையும் அறிகுறிகள். எல்லாம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

தேக்காவில் வாங்கிய ஓமத்தண்ணீர் நமக்கு உதவலாம். திருகிய இரைப்பையை அது நேராக்காது; நேரம்தான் வீணாகும். மருத்துவர் முதலில் காற்றை வெளியேற்றி, அறுவை சிகிச்சையில் இரைப்பையை நேராக்கி, மீண்டும் திருகாதபடி வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார். ஆபத்து அதிகமுள்ள இனங்களுக்கு இந்தத் தையலை முன்கூட்டியே போடுவதும் உண்டு.

“வீவக வீடுகளில் பொதுவாகச் சிறிய இன நாய்களுக்குத்தானே அனுமதி, எனக்கு இது எதற்கு?” என்று கேட்கலாம். தரைவீட்டில் இருக்கும் உறவினரின் நாயை விடுமுறையில் கவனிப்பது நீங்களாக இருக்கலாம். பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது. நள்ளிரவில் 40 கிலோ நாயை எப்படிக் கொண்டுபோவீர்கள்?

நம்பிக்கை வேறு, சான்று வேறு என்பதற்கும் இந்நோய் உதாரணம். உணவுத் தட்டை உயரத்தில் வைத்தால் இது வராது என்று பலர் நம்பினார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 இனங்களைச் சேர்ந்த 1,637 நாய்களைக் கவனித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உயர்த்திய தட்டில் சாப்பிட்ட நாய்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. வேகமாகச் சாப்பிடுவதும், பெற்றோருக்கோ உடன்பிறந்த நாய்க்கோ இந்நோய் வந்திருப்பதும் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தது.

பெரிய நாய் வளர்ப்பது அவரவர் விருப்பம். ஆனால், அவசரத் திட்டம் இல்லாமல் வளர்ப்பது பொறுப்பான செயல் அல்ல என்பது என் கருத்து. 24 மணி நேரமும் இயங்கும் விலங்கு மருந்தகத்தின் எண், நாயை ஏற்றிச்செல்லும் வாகனச் சேவையின் எண் இரண்டையும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பணிப்பெண் முதல் பாட்டிவரை வீட்டிலுள்ள எல்லாருக்கும் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுங்கள். கிளம்பும் முன்பே மருந்தகத்தை அழைத்துவிட்டால், நாய் போய்ச் சேரும்போது அங்கே எல்லாம் தயாராக இருக்கும்.